பட்டியா, பழுதுபார்ப்பா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு பொருளின் உடைப்பை வெளியே தெரியாதபடி மூடிவிட்டு, "கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டால் நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று இருந்துவிடுகிறோம். அது பொய்யா? நான் வாயையே திறக்கவில்லையே! வாயைத் திறக்காதவன் எப்படிப் பொய்யன் ஆவான்?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய வேனிலிருந்து வந்தது.

நான் கம்பத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டிப் பிழைத்தவன். சில வருஷங்களுக்கு முன்னே ஒரு நாள், லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிற மலைப்பாதையில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட ரிவர்ஸ் எடுத்தேன். அவசரம். பின்பக்கத்து இடது மூலை பாறையில் மோதி, படக்கென்று ஒரு சத்தம்! இறங்கிப் பார்த்தால், வளைந்த ஃபைபர் மூலை ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து தொங்குகிறது. தப்பு என்னுடையதுதான்.

அந்த மாதமே வேனை விற்றுவிடத் தீர்மானித்திருந்தேன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கடனும் இருந்தது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். இப்போது இந்த உடைப்பு!

தேனியில் ஃபைபர் வேலை தெரிந்த ஒரு தம்பியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் இரண்டு வழி சொன்னார்.

"அண்ணே, விக்கிற வண்டிதானேன்னா பட்டி போட்டுத் தேச்சு பெயிண்ட் அடிச்சிரலாம். 2,000 ரூவா. சாயங்காலம் எடுத்துட்டுப் போயிரலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனா நிக்காது. ஒழுங்கா செய்யணும்னா 9,000 ஆகும், நாலஞ்சு நாள் விட்டுட்டுப் போகணும்."

"பட்டியே போடுங்க தம்பி," என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அந்த மூலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே கேரியருக்கு ஏறுகிற ஏணியின் மேல்முனை அந்த மூலையில்தான் போல்ட் போட்டிருந்தது. கிளீனர் பையன் தலையில் பெட்டியோடு ஏறுவது அதிலேதான். நாளைக்கு அந்த மூலை பிய்ந்தால் விழப்போவது நானல்ல, யாரோ பெற்ற பிள்ளை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் "பட்டி போடுங்க" என்றேன்.

பட்டி பிடிக்க வேண்டுமே என்று அந்தத் தம்பி மேல் பெயிண்டைக் கிரைண்டரால் கொஞ்சம் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஃபைபர் வரவில்லை. விரல் கனத்துக்குப் பழைய பட்டி உதிர்ந்தது! அதற்கடியில் ஏற்கெனவே ஒரு விரிசல்.

"அண்ணே, இது உங்களுக்கு முந்தியே உடைஞ்ச மூலை. மூடி வித்திருக்காங்க. அதனாலதான் லேசா இடிச்சதுக்கே இப்படிப் பொளந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஒரு கீறல்கூட விழாத வண்டி"ன்னு கையடிச்சுச் சொல்லி வித்தவன் என்னை ஏமாத்திட்டானே! வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் பட்டி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஒருவன் செய்ததைத்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன்னே நான் இன்னொருவனுக்குச் செய்யச் சொன்னேன். அவன் செய்தால் துரோகம், நான் செய்தால் வியாபாரமா?

டப்பாவை மூடச் சொல்லிவிட்டேன். 9,000 ரூபாய் வேலையைத்தான் செய்தோம். அந்த நாலைந்து நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

1. ஃபைபரை உருக்கிச் சேர்க்க முடியாது.

தகரம் நசுங்கினால் தட்டி எடுக்கலாம், வெல்டு வைக்கலாம். ஃபைபர் அப்படியல்ல. கண்ணாடி இழையால் ஆன மேட் மேல் ரெசின் ஊற்றி இறுகவைத்தது அது. ஒருதரம் இறுகிவிட்டால் திரும்ப இளகாது. பழையதைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் புதியதைப் பிடிக்கவைக்க வேண்டும். நடந்ததை நடக்காததாக்க நம்மாலும் முடியாது. நடந்த இடத்திலிருந்துதான் கட்ட முடியும்.

2. உடைப்பைவிட அகலமாய்த் தேய்க்க வேண்டும்.

கோடு போட்டதுபோல் ஒரு விரிசல். அதற்கு எதற்கு உள்ளங்கை அகலம் தேய்க்கிறார் என்று கேட்டேன். "கனத்தைப்போல 12 மடங்கு சரிவாத் தேய்க்கணும்ணே. 3 மில்லி கனம்னா ஒவ்வொரு பக்கமும் 36 மில்லி. அப்பத்தான் புதுசு பழசைப் பிடிச்சுக்கும்," என்றார். அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறு வந்து, பத்து வருஷம் கழித்து "சரி விடுப்பா" என்று ஒரு வார்த்தையில் முடிக்கப் பார்க்கிறோமே, அது ஏன் நிற்பதில்லை? காயத்தின் அளவுக்குக்கூட நாம் தேய்க்கவில்லை, அதைவிட அகலமாய் எங்கே தேய்க்கப்போகிறோம்?

3. வளைவுக்கு வளைவே வேண்டும்.

தட்டையான துண்டை வளைந்த மூலையில் ஒட்டினால் உட்காராது. அதே மாடல் வேன் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் இடது மூலைக்கு மெழுகு பூசி, மேல் மேட் போட்டு மோல்டு எடுத்தார். வலது மூலை உதவாது, திரும்பின வளைவாகிவிடும். வளைவுதான் ஃபைபருக்குப் பலம். 1968-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் போலர் என்று ஒரு சக்கர வீடு செய்தார்கள். காருக்குப் பின்னே இழுத்துப் போகிற சின்ன வீடு, இரண்டு ஃபைபர் ஓடுகளை முட்டைபோல இணைத்தது. முட்டையோடு மெல்லியதுதான், ஆனால் அதன் வளைவு பாரம் தாங்கும். அந்த வளைவு உடைந்தால் பலமும் உடைந்தது. அதன் உருவத்தையே திரும்பக் கொடுத்தால்தான் பலம் திரும்பும்.

4. வேலை உள்பக்கத்திலே.

மோல்டை வெளியே வைத்து ஸ்குரூ முடுக்கிவிட்டு, மேட் ஒவ்வொன்றாய் உள்ளே இருந்து வைத்தார். ஒரே நாளில் கனமாய்ப் போட்டால் ரெசின் சூடேறி வெடிப்பு விழும். கேட்டலிஸ்ட் கூடினாலும் கெடும், குறைந்தாலும் பிசுபிசுவென்று நிற்கும். ஈரம் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அது ஆடிமாசம், மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்கச் சும்மா காத்திருந்தோம். நமக்கோ, இன்றைக்கே எல்லாம் சரியாகிவிட வேண்டும்!

நம் பள்ளத்தாக்குக்கு இது புதிய பாடமல்ல. நாம் சாப்பிடுகிற சோறு 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரால் விளைந்தது. அணையின் பலத்தைப் பற்றிப் பயம் எழுந்தபோது, 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு உச்சியில் கான்கிரீட் தொப்பி வைத்தார்கள். மேலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு இரும்பு வடங்களை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். பின்புறம் கான்கிரீட்டால் முட்டுக்கொடுத்தார்கள். அதற்கெல்லாம் பிறகே, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. இரண்டு மாநிலங்களுக்கும் இடையே உள்ள வழக்கு வேறு விஷயம். நான் சொல்ல வருவது இதுதான்: பாரம் தாங்க வேண்டிய ஒன்றுக்கு வெள்ளையடித்து யாரும் பலம் கொடுக்க முடியாது. பலவீனமான சுவரைப் பூசி மறைத்தவர்களை எசேக்கியேல் தீர்க்கதரிசி கடிந்துகொண்டதும் இதற்காகத்தானே!

அப்படியானால் பெயிண்ட் அடிப்பதே பாவமா? இல்லை. எங்கள் மூலைக்கும் கடைசியில் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்தோம். உறுதியாய்ச் சேர்ந்த இடத்தின் மேல் பூசினால் அது அலங்காரம். சேராத இடத்தின் மேல் பூசினால் அதுவே பொய். டப்பா ஒன்றுதான்!

நம் உடைப்பையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? அதுவும் இல்லை. ஆறின புண்ணைத் தெருவில் காட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஆனால் யாருடைய பாரம் அதன்மேல் ஏறப்போகிறதோ, அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கேட்கத் தெரியாதவரின் அறியாமையில் நான் லாபம் எடுத்தால், வாய் பேசாவிட்டாலும் என் கை பொய் பேசிவிட்டது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது.

விலை பேசின தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய விரிசலையும், நான் இடித்ததையும், உள்ளே புதிதாய் வைத்த மேட்டையும் காட்டினேன். "ரொம்ப நன்றிண்ணே" என்று போனவர் திரும்பவே இல்லை! மூன்று வாரம் கழித்து வேறொருவர் 12,000 ரூபாய் குறைத்து வாங்கினார். ஃபீஸ் கட்ட வட்டிக்குத்தான் வாங்கினேன். உண்மை சொன்னால் உடனே லாபம் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எனக்கு வரவில்லை. வீட்டில் அன்று ராத்திரி யாரும் சரியாய்ச் சாப்பிடவுமில்லை.

ஆனாலும் அந்த வேனை இன்றைக்கும் குமுளி ரோட்டில் பார்க்கிறேன். போன மாதம்கூட ஒரு கிளீனர் பையன் தலையில் பெட்டியோடு அந்த ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நின்று, அவன் மேலே ஏறி முடிக்கிறவரை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலே, கடையிலே, உறவுகளிலே பெயிண்டுக்கு அடியில் இருப்பது என்ன? அதன்மேல் ஏறப்போகிறது யார்? அவருக்குச் சொல்லிவிட்டீர்களா?