திறந்துவிட்ட கண்

கொலையை வேடிக்கை பார்ப்பது குற்றமா என்ற கேள்வி சினிமாவைவிட வெகு பழையது. புனித அகஸ்டின் தம் வாழ்க்கை ஒப்புதல் நூலில் நண்பர் அலிப்பியசின் கதையைச் சொல்கிறார். வாள்வீரர் சண்டையை வெறுத்த அவரை ரோமில் சிநேகிதர்கள் வம்படியாக அரங்குக்கு இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டம் ஓவென்று கத்தியதும் கண் திறந்துவிட்டது. பிறகு அவரே ஆள் சேர்த்துக்கொண்டு போகலானார். காதையும் பொத்தியிருக்கலாமே என்று அகஸ்டின் ஆதங்கப்படுகிறார்.

திரில்லர் படங்களில் அந்த இரைச்சலின் வேலையைப் பின்னணி இசை செய்கிறது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தில் நாயகன் தன் கொலைகளைப் படம் எடுக்கிறான். வளர்ப்புத் தந்தை அதைப் பார்த்து ரசிக்கிறார். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. ஆனால் படம் அதைக் காட்டியதோடு சரி. கொலைக்குக் காரணமாக இளமைக் காயம் ஒன்றைச் சொல்லி, பழியைப் பெண்கள் மேலேயே போட்டுவிடுகிறது.

ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) கொலையைக் காட்டுவதே இல்லை. சிறுமியின் பந்து புதரிலிருந்து உருண்டு வருகிறது, பலூன் தந்திக் கம்பியில் சிக்கி ஆடுகிறது, அவ்வளவுதான். கடைசியில் திருடர்கள் கூட்டிய விசாரணையில் கொலைகாரன், இது தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று கதறுகிறான். சுயேச்சை இல்லாதவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? அதுவரை அவன் பிடிபட வேண்டும் என்று துடித்த பார்வையாளர் இங்கே தடுமாறுகிறார்.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி நேர் எதிர்வழியில் போனார். பைபிளின் பத்துக் கட்டளைகளில் கொலையைத் தடுக்கும் ஐந்தாம் கட்டளையை வைத்து, வழக்கறிஞர் பியேசியேவிச்சுடன் சேர்ந்து எழுதிய 'கொலை பற்றிய சிறு படம்' (1988) கொலையை நீட்டுகிறது. பின்சீட்டிலிருந்து யாசெக் என்ற இளைஞன் கயிற்றால் டாக்சிக்காரரின் கழுத்தை நெரிக்கிறான். உயிர் லேசில் போவதில்லை. உந்தி உதைத்ததில் அவருடைய ஷூ கழல்கிறது. ரசிக்க ஏதுமில்லை, வேலையைப் போல அது நடக்கிறது. பிற்பாதியில் அரசு யாசெக்கைத் தூக்கிலிடுகிறது. அதுவும் வேலைதான்: பொறிக்கதவுக்கு அடியில், மலஜலம் சிந்தாமல் இருக்க ஒரு தட்டு வைக்கப்படுகிறது. கோபத்தில் செய்யாததால் இரண்டாவது கொலை நியாயமாகிவிடுமா என்று படம் வாய்விட்டுக் கேட்பதில்லை, தட்டைக் காட்டுகிறது.

போலந்தின் கடைசித் தூக்கு 1988 ஏப்ரலில் நிறைவேறியது. 1997-இல் இயற்றிய புதிய குற்றவியல் சட்டம் மரண தண்டனையையே நீக்கியது. அது இந்தப் படத்தால் வந்த மாற்றம் என்று சொல்லிவிட முடியாது.