வீதியும் விதியும்

“அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்!”

மழைவெள்ளம் குடிசைக்குள் புகுந்து அடுப்பை அணைத்தாலும் இதே பேச்சு. பாதாளச் சாக்கடையில் இறங்கியவன் பிணமாகத் தூக்கப்பட்டாலும் இதே பேச்சு. குழாய்நீரைக் குடித்த குழந்தை வயிற்றுப்போக்கால் துவண்டாலும் இதே பேச்சு. ஒரே ஒரு வாசகம். அதைச் சொன்னதும் எழ வேண்டிய கேள்விகள் அத்தனையும் அடங்கிவிடும்.

எழுதியவன் யார்? எந்த மொழியில் எழுதினான்? எவர் கண்டார்? விடை கிடையாது. ஆனால், அந்தத் தெருவுக்கு இவ்வாண்டு வடிகால் இல்லை என்று கோப்பில் எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, கையொப்பம் உண்டு, தேதியும் உண்டு! தலையெழுத்தை எவராலும் படிக்க முடியாது. கோப்பின் எழுத்தை எவரும் படிக்கலாம். விதி என்று நாம் வணங்கிக் கிடப்பதில் பெரும்பகுதி, நம் வீதியைப் பற்றி யாரோ எடுத்த முடிவு, அல்லது எடுக்கத் தவறிய முடிவு.

பகுத்தறிவு கோயில் வாசலில் தொடங்கிக் கோயில் வாசலிலேயே முடிந்துவிடுவதன்று. விளைவைக் கண்டால் காரணத்தைத் தேடுவதே அதன் இயல்பு. கடவுளை மறுத்த ஒருவன், “அரசாங்கம் என்றால் அப்படித்தான், அதிகாரி என்றால் அப்படித்தான்” என்று பெருமூச்சு விட்டு அமர்ந்தால், அவன் மூடநம்பிக்கையை விட்டவனா? பழைய ஊழ்வினையைப் புதிய பீடத்தில் ஏற்றிவைத்தவன் அல்லவா?

நம் நாட்டில் கொள்ளைநோய் வந்தால் அம்மனின் சினம் என்றனர், கூழ் ஊற்றினர். மேல்நாட்டார் மட்டும் பிறவியிலேயே தெளிந்தவர்களா? இல்லை. 1854-இல் லண்டன் மாநகரின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி, பத்தே நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, நாற்றம் வீசும் காற்றே காரணம் என்று கற்றவர்களும் நம்பினர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தனர் என்று கேட்டார். பெரும்பாலோர் ஒரே அடிகுழாயில் நீர் எடுத்தது தெரிந்தது. அவர் வானத்தை நோக்கிக் கைகூப்பவில்லை. அப்பகுதியின் நிர்வாகக் குழுவின் முன்சென்று கணக்கை எடுத்து வைத்தார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஊழ் என்று எண்ணப்பட்டது, ஊற்றில் கலந்த கழிவு! நோய்க்குக் காரணம் கண்டது முதற்படி. பொறுப்பில் இருப்போரிடம் சென்று ‘இதைச் செய்யுங்கள்’ என்றது இரண்டாம் படி. இரண்டாம் படி இல்லாவிடில் முதற்படியால் யாருக்குப் பயன்?

இந்த இரண்டாம் படியை நம் முன்னோடிகள் அறிந்திருந்தனர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில்தான், 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரப்பட்டது. பசித்த பிள்ளைக்கு முற்பிறவிக் கதை சொல்லவில்லை; சோறு போட்டார்கள். பெரியாரும் பொதுவாழ்வின் தொடக்கத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, ஊர்மக்களின் குடிநீருக்கு உழைத்தவரே. குடிநீரும் கழிவுநீரும் சிறு சங்கதிகள் என்று அவர்கள் கருதவில்லை. மனிதனை மனிதனாக மதிக்கிறோமா என்பதற்கு அவையே அன்றாடத் தேர்வு.

அந்தத் தேர்வை இன்றைய சென்னைக்கு வைப்போம்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அதன் பெருமையாக இருந்தது. நாளடைவில் குடிசையை மாற்றுவது போய், குடிசைவாழ் மக்களையே இடம் மாற்றுவது வழக்கமாயிற்று. 2000-இல் கண்ணகி நகர், பின்னர் பெரும்பாக்கம். இரண்டிலும் சேர்ந்து 30,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றோரத்தில் இருந்தால் வெள்ளத்தில் சாவார்கள் என்பது கூறப்பட்ட காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் அதைப் பொய் என்று தள்ளமாட்டார்கள். உயிர்காக்க இடம் மாற்றுவதை எவரும் குறைகூறவும் மாட்டார்கள். ஆனால், ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்டது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதியில்! அதே சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த அலுவலக மாளிகைகள் இடம் மாறினவா? ஏழை ஆற்றோரத்தில் ஓலை வேய்ந்தால் ஆக்கிரமிப்பு. செல்வன் ஏரிக்குள் கண்ணாடிக் கோபுரம் எழுப்பினால் வளர்ச்சி! நகரில் வீட்டுவேலை செய்து வாழ்ந்த தாய்க்கு வேலையிடம் எட்டாத் தொலைவாகிறது; பள்ளி தொலைவாகி, படித்துக்கொண்டிருந்த மகள் வீட்டில் நிற்கிறாள். இதையும் பிரமன் எழுதினானா?

சமத்துவத்தை எடுத்துக்கொள்வோம். மனிதன் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம். போதாதென்று 2013-இல் மற்றொரு சட்டம். இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தரவேண்டும் என 2014-இலும், முப்பது இலட்சம் தரவேண்டும் என 2023-இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும், இத்தகைய சாவுகள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. சமூகநீதி பேசிய மண்ணுக்கு இது தலைகுனிவு. இறங்குபவன் எந்தச் சாதி என்பதைக் கேட்காமலே எல்லோராலும் சொல்ல முடிகிறதே, அங்கேதான் மனு இன்னும் உயிரோடிருக்கிறான். அக்கிரகாரத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தப் பத்திரத்திலும்! “எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆள்” என்று கைகழுவும் நிர்வாகத்தைக் கேட்போம்: சாக்கடை யாருடையது?

இங்கே நம் தோழர்கள் சிலர் தயங்குவது தெரிகிறது. “நம்மவர் ஆளும்போது நாமே கேட்டால், எதிரிக்கு வாய்ப்பாகாதா?” என்பர். நேர்மையான அச்சந்தான், ஆயினும் வரலாற்றைப் பாருங்கள். 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியை 1959-இல் உதயசூரியன் கைப்பற்றியபோது எத்தனை பூரிப்பு! அதே மாநகராட்சியின் மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. மறு தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! பின்னும் 2016 முதல் 2022 வரை, ஐந்தாண்டுக்கு மேலாக, 200 வார்டுகளுக்கும் ஓர் உறுப்பினர்கூட இல்லை. பெருந்தொற்றுக் காலமும் அதற்குள் வந்து போயிற்று. இந்த ஆண்டுகளில் பெரும்பகுதி கோட்டையில் அமர்ந்திருந்தவர்கள் திராவிடத்தின் பெயர் சொன்னவர்களே. தில்லி நமக்குத் தரவில்லை என்று மாநில உரிமைக்கு முழங்கிய நாக்கு, கோட்டை நகரத்துக்குத் தரவில்லை என்று முழங்க மறந்தது ஏன்?

நம்மவரைக் கேட்பது துரோகமன்று. கேட்காமல் விடுவதே துரோகம். அவர்களுக்கும், அவர்களை அமர்த்திய மக்களுக்கும். கேள்வி கேட்கப்படாத மனிதனைத்தான் மகாத்மா என்றும் மகான் என்றும் ஆக்கிக் கும்பிடப் பழகிவிட்டோம். கும்பிடப்படுபவனிடம் கணக்குக் கேட்க முடியாது. தலைவனுக்கு மாலை போடுகிற கையில் வரவுசெலவுத் தாளும் இருக்கட்டும்.

கேட்டால் நடக்குமா? 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் குடியேறிய மக்கள், தங்கள் புதிய அடுக்ககத்தின் சுவரை விரலால் சுரண்டிக் காட்டினர், பூச்சு உதிர்ந்தது. “ஏழைக்கு இதுவே பெரிது” என்று அவர்கள் வாயடைத்துக் கிடக்கவில்லை. ஊரே பார்க்கக் காட்டினர், ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு கட்டடத்தை ஆய்வு செய்யும் நிலை அரசுக்கு ஏற்பட்டது. கருணைக்குக் காத்திருக்காத சில விரல்கள் செய்த வேலை அது.

கருவிகளும் நம்மிடம் உண்டு. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கோப்பைத் திறக்கும் சாவி. நகர்ப்புற மக்கள் தம் வார்டின் குறைகளைக் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல் வந்தன. உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 74-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். அதன்பின் 29 ஆண்டுகள் கழித்து! வந்த பின்னராவது, நம் தெருவின் பகுதி சபை என்று கூடுகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியார் படிப்பகத்தில் கூடும் இளைஞர்கள், ஒரு மாலைப் பொழுதையேனும் தங்கள் வார்டின் வடிகால் வரைபடத்துக்கு ஒதுக்கலாகாதா? எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவாயிற்று, சேரிக்கு எவ்வளவு சென்றது என்று பட்டியலிட்டு உறுப்பினரின் வாசலில் நிற்கலாகாதா?

தலையில் எழுதப்படாத விதியை ஆயிரமாண்டுகள் நம்பினோம். அரசிதழில் எழுதப்பட்ட விதியை ஒருமுறையேனும் படிப்போம், தோழர்களே! படித்துவிட்டு வீதிக்கு வருவோம். அங்கே தேங்கி நிற்கும் நீரைக் காட்டி, பொறுப்புக்கு உரியவரின் பெயரைச் சொல்லி, “ஏன்?” என்று கேட்போம்.