மலைநாட்டுச் சிறுத்தையும் நம் அச்சமும்

நம் பாடசாலைகளிலே கீழ்வகுப்புப் பிள்ளைகட்குச் சொல்லப்படும் கதைகளுள் ஓநாய்க் கதைகள் சில உள. ஆற்றுநீரைக் கலக்கினாய் என்று ஆட்டுக்குட்டியோடு வழக்காடிய ஓநாயின் கதையைப் பிள்ளைகள் கண்ணகல விரித்துக் கேட்பார்கள். இலங்கைத் தீவிலோ ஓநாய் இல்லை. நரி உண்டு, வரிப்புலியும் சிங்கமுங்கூட நம் காடுகளில் இல்லை. ஹட்டனிலே பிறந்து வளரும் பிள்ளை தன் வாழ்நாளெல்லாங் காணமாட்டாத ஒரு பிராணிக்கு முதலில் அஞ்சப் பழகிக் கொள்கிறது. தன் லயத்துக்கு மேலுள்ள மலையிலே மெய்யாக உலாவும் சிறுத்தையைப் பற்றிப் பின்னரே, அதுவும் அரைகுறையாகக் கேள்விப்படுகிறது.

ஓநாய்க்கு அஞ்சுதல் எவ்விடத்தும் பேதைமை என்று நாம் கூறவில்லை. 2024ஆம் ஆண்டிலே வட இந்தியாவின் பஹ்ராயிச் மாவட்டத்துக் கிராமங்களில் ஓநாய்கள் இரவிலே புகுந்து சிறுவர் சிலரைக் கொன்றன. கதவு செவ்வனே இல்லாத வீடுகளிலும் முற்றங்களிலும் உறங்கிய ஏழைகளின் பிள்ளைகள் அவர்கள். அவ்வூர்த் தாய்மாரிடம் சென்று, ஓநாய் மனிதரை அணுகாத இயல்பினது என்று உபதேசிப்பவன் அறிவுடையவனல்லன். ஆதலால் ஒரு பிராணிக்கு எங்கே, எப்பொழுது, எவ்வளவு அஞ்சவேண்டும் என்பதே ஆராயத் தக்கது. அஞ்சத் தகுவதற்கு அஞ்சுதலை அறிவின்பாற் படுத்தினார் திருவள்ளுவர். நாம் அச்சத்தைப் பழிக்கப் புகவில்லை. அதன் அளவைத் தேடுகின்றோம்.

இம்மலைநாட்டிலே முன்னாளில் யானைகள் மிகுதியாக இருந்தன. காட்டை அழித்துக் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் நட்ட காலத்திலே அவை அடியோடு அகற்றப்பட்டன. யானையைக் கொன்றோர்க்கு அரசாங்கமே பரிசளித்த காலமது. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் ஒருவர் மாத்திரம் ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டார் என்பர். அவர் 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையிலே இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவிலே அவரது கல்லறை இருக்கிறது. அக்கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊரார் சொல்லும் கதையை நாம் ஆராயவில்லை. நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லப்படும் மாணாக்கர் பூந்தோட்டத்தையும் வாவியையும் பார்த்துத் திரும்புகின்றனர். அக்கல்லறையின் முன் அவர்களைச் சிறிது நேரம் நிறுத்தி, ‘இங்கே யார் யாருக்கு அபாயமாக இருந்தார்?’ என்று ஆசிரியர் ஒருவர் வினவினால் அன்றைய பாடம் வீண்போகாது.

யானை போயிற்று, சிறுத்தை எஞ்சியது. தேயிலைச் செடி இடுப்பளவு அடர்ந்து நிற்பது. பகலிலே படுத்துறங்க அது நல்ல மறைவிடம். மலையுச்சிகளிலே வெட்டாது விடப்பட்ட சிறுகாடுகளும், ஆற்றோரப் பற்றைகளும், கவ்வாத்து வெட்டாமற் காடாகிப்போன பழைய மலைகளும் அதற்கு வழியும் வீடுமாகின்றன. கேளையாடும் முள்ளம்பன்றியும் முயலும் அங்கே உள. லயத்து நாய்களும் உள. போகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஆராய்ச்சியாளர் தானியங்கு கமராக்களை மரத்திற் கட்டி வைத்து அதன் நடமாட்டத்தைப் பதிந்திருக்கின்றனர். மனிதர் நடந்த வழியிலேயே, மனிதர் போனபின், அது நடக்கின்றது. நாம் அதனைக் காணாத நாட்களிலும் அது நம்மைக் கண்டிருக்கின்றது என்பதே உண்மை. அத்தனை முறை கண்டும் விலகிப்போன பிராணியை இரத்தவெறி கொண்டது என்று சொல்லுவது நியாயமாகுமா?

ஆயினும் காயம் உண்டாகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரையாக ஏறிச் செல்லும்போது, செடிக்குள் உறங்கிய சிறுத்தை, தப்ப வழி காணாது பாய்ந்து ஒருவரைக் கீறிவிட்டு ஓடும். குட்டிகளோடு இருக்குமாயின் அபாயம் இரட்டிக்கும். தோட்டங்களில் நிகழும் தாக்குதல்களிற் பெரும்பாலானவை இவ்வகையின. இரைக்காகச் செய்யப்படுவன அல்ல. இலங்கையிலே ஆட்கொல்லி எனப் பெயர்பெற்ற சிறுத்தை புனாணையிலே இருந்தது. மட்டக்களப்பு வீதியிலுள்ள அவ்விடத்திலே பன்னிருவரையேனும் அது கொன்றது. 1924ஆம் ஆண்டு ஷெல்ட்டன் ஏகர் என்பவர் அதனைச் சுட்டார். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தும் ஆட்கொல்லிச் சிறுத்தை என்றவுடன் நம் நாட்டார் அந்த ஒன்றையே எடுத்துக் காட்டுகின்றனர் என்பதிலிருந்து அத்தகைய நிகழ்ச்சி இங்கே எவ்வளவு அரிது என்பது புலப்படும். எல்லா நாட்டிலும் இப்படியன்று. தமிழ்நாட்டிலே ஆனைமலையிலுள்ள வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலே சிறுத்தை பிள்ளைகளைக் கவர்ந்து கொன்றதுண்டு. 2025ஆம் ஆண்டிலும் அத்துன்பம் நேர்ந்தது. தேயிலை ஒன்றே, லயமும் ஒருவகையதே. ஆகையால் இங்கு அரிது என்பதை ஒருபோதும் நிகழாது என்று கொள்ளலாகாது.

இனி, தோட்டத்தொழிலாளிக்கு நாடோறும் அபாயமாயிருப்பது எது? குளவி. கொழுந்து பறிக்கையிலே கூடு கலைந்து பத்துப் பதினைந்து பேர் ஒருங்கே கொட்டுண்டு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் செய்தி மலைநாட்டிலே அடிக்கடி வருவது, உயிரிழந்தாரும் உளர். அடுத்தது பாம்பு. 2016இல் வெளியான ஆய்வொன்று, இத்தீவிலே ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகிறது என்றும், 464 பேர் இறக்கின்றனர் என்றும் கணக்கிட்டது. அடுத்தது நாய். நீர்வெறுப்பு நோயால் 1973ஆம் ஆண்டிலே 377 பேர் மாண்டனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை அண்மையாண்டுகளில் இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியிருக்கின்றது. யானைகள் வாழும் தாழ்நாடுகளிலே 2023ஆம் ஆண்டு மாத்திரம் 150 பேருக்கு மேல் யானையால் மாண்டனர். மாண்ட யானைகளோ 400க்கு மேல். இத்தொகைகளின் அருகே வைக்கச் சிறுத்தையால் நேரும் மரணத்துக்குத் தொகையென்று சொல்லத்தக்கதே இல்லை. எனினும் குளவிக் கூட்டுக்கு எவரும் இரவிலே விழித்திருந்து நடுங்குவதில்லை. நாயைப் பிள்ளை கட்டித் தழுவுகிறது. சிறுத்தை என்ற சொல் கேட்டவுடன் தோட்டம் முழுதும் கதவடைக்கிறது. பழக்கம் அபாயத்தை மறைக்கிறது. கண்ணும் பல்லும் அதனைப் பெருக்கிக் காட்டுகின்றன.

அளவு தப்பிய அச்சம் என்ன செய்யும் என்பதை நம்மினத்தார் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கிளிநொச்சியைச் சேர்ந்த அம்பாள்குளத்திற் காட்டினர். ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று வனசீவராசிகள் திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. காயம் பொய்யன்று, கோபமும் இயற்கையே. ஆனால் மக்கள் அதனை அடித்துக் கொன்றபின் பிணத்தோடு நின்று படம் எடுத்துப் பரப்பினார்களே, அப்பொழுது அஞ்சுவதற்கு அங்கே என்ன இருந்தது? உயிரைக் காக்க ஒருவன் ஓங்கும் தடிக்கும், அபாயம் நீங்கியபின் ஓங்கும் தடிக்கும் வேற்றுமை உண்டு. முன்னையதை எந்தத் தரும நூலும் மன்னிக்கும். பின்னையது அச்சத்தின் வேடம் பூண்ட வேறொன்று. அதனைச் செய்தவருள் நம் பாடசாலைகளிலே கொல்லாமையைப் படித்துப் பரீட்சையில் எழுதியவர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது ஆசிரியராகிய நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

மலைநாட்டிலே கொலை இவ்வளவு வெளிப்படையாக நிகழ்வதில்லை. அங்கே கம்பி அதனைச் செய்கின்றது. காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் கம்பிச் சுருக்கிலே சிறுத்தை இடுப்பு மாட்டிக் கிடந்து சாகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், சிவனொளிபாத மலையடியிலுள்ள நல்லதண்ணிப் பகுதியிலே, மிக அரிதாகிய கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு அகப்பட்டது. அதனை உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்தது. இத்தீவு முழுதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்குங் குறைவு என்பது அறிஞர் மதிப்பு.

பின்னொருகாலத்திலே, மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நம்மை ஒரு வினா வினாவினான். “ஐயா, புலி எங்கள் நாயைத் தின்றது. புலிக்குப் பாவம் இல்லையா?” நாம் வழக்கமான விடையைச் சொன்னோம்: இது தகும், இது தகாது என்று பகுத்தறியும் அறிவு விலங்குக்கு இல்லை, அறிவில்லாதவிடத்துப் பழியும் இல்லை, பசித்தது, தின்றது. அவன் விடவில்லை. “அப்படியானால் கம்பி வைத்தவருக்கு?” வகுப்பிலே இரண்டொரு பிள்ளைகள் தலைகவிழ்ந்தனர். சுருக்கு வைப்போர் எவர் என்பது அவ்வயதுப் பிள்ளைகட்குத் தெரியும். தாயிழந்த பன்றிக்குட்டிகட்கு இறைவன் தாயாய் வந்து பாலூட்டிய திருவிளையாடலை அதற்கு முந்திய வாரந்தான் நாம் அவ்வகுப்பிலே கதையாகச் சொல்லியிருந்தோம்.

அன்று மாலை அச்சிறுவனின் தந்தையைக் கண்டோம். லயத்தின் பின்னால் அரைப் பரப்பும் தேறாத துண்டுநிலத்திலே உருளைக்கிழங்கும் லீக்சும் வைத்திருந்தார். பன்றி ஓரிரவிலே கிளறிப் போட்டிருந்த பாத்திகளைக் காட்டினார். “சாமி, நாள் சம்பளத்தில் அரிசி வாங்கலாம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரவேண்டும்” என்றார். சிறுத்தையின் மேல் அவருக்குப் பகை இல்லை. அது பன்றிக்குட்டியைத் தின்னுமாயின் நல்லதுதானே என்றுங் கூறினார். கம்பி யாரைப் பிடிக்கும் என்று கம்பிக்குத் தெரியாது என்று நாம் சொன்னோம். அவர் அதனை மறுக்கவில்லை.

கொழும்பிலே இருந்துகொண்டு சிறுத்தையின் அழகைப் போற்றுவோர் அதன்பொருட்டு இழப்பது ஒன்றுமில்லை. அதிகாலையிலே பிரட்டுக்குச் செல்லும் பெண்ணும், மலசலகூடம் லயத்துக்கு அப்பால் இருப்பதனால் இருளிலே பிள்ளையைக் கைப்பிடித்துச் செல்லும் தாயுமே அதன் விலையைக் கொடுக்கின்றனர். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று இகழ்தலும் ஒருவகைக் கொடுமையே. வால்பாறையிலே யானை நிற்குமிடத்தைத் தொலைபேசிச் செய்தியாலும் செவ்விளக்காலும் முன்கூட்டி அறிவிக்க ஏற்பாடு செய்தார்கள்; மனிதர் வழிமாறிச் சென்றார்கள். இங்கே கேட்கவேண்டியவை அதனினும் எளியவை: லயத்து வழியிலே விளக்கு, வீட்டோடு சேர்ந்த மலசலகூடம், காடான மலைகளைத் துப்புரவாக்கல், நாய்களுக்குத் தடுப்பூசி, துண்டுநிலத்துக்கு வேலி. இவற்றைக் கேட்டு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் தோட்டத்திலே பெரும்பாலும் ஆசிரியரே. வகுப்பிலே சொல்லவேண்டியதும் சிறிது உண்டு: விடியலிலும் மாலையிலும் தனியே நடவாதே, கூட்டமாகப் பேசிக்கொண்டு போ, சிறுத்தையைக் கண்டால் முதுகு காட்டி ஓடாதே, குட்டியைக் கண்டால் தொடாது திரும்பு.

வேலியைப் பற்றி அத்தந்தையிடம் சொன்னபோது அவர், “வேலிக்கு யார் சாமி காசு தருவார்?” என்றார். சுருக்கை எடுத்துவிடு என்று சொல்லவே நாம் அங்கே போயிருந்தோம், சொல்லியும் விட்டோம். அவர் அதனை எடுத்தாரா என்பது நமக்குத் தெரியாது. ஓரிரு தோட்டங்களுக்கேனும் வேலிக்கம்பி பெற்றுக் கொடுக்க எவரிடம் விண்ணப்பிக்கலாம் என்று அன்று முதல் விசாரித்து வருகின்றோம்.