கூட்டாளியா, தனியா?



போன வாரம் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு வாலிப சகோதரன் வந்தார். "ஐயா, நம்ம திருப்பூர்லயே நாலு தையல் மிஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கூட ஒருத்தரைச் சேர்த்துக்கவா, தனியா செய்யவா? ஜெபிச்சுச் சொல்லுங்க" என்றார். எனக்கு உடனே வாய் வரவில்லை. பழைய காயம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

ஊழியத்துக்கு வருமுன் நானும் இதே தொழில் செய்தவன்தான். ஒரு சகோதரனோடு கூட்டுச் சேர்ந்தேன். "விசுவாசிகளுக்குள்ள எதுக்குப் பத்திரம்?" என்று ஒரு தாளில்கூட எழுதவில்லை. மிஷினும் ஆட்களும் என் பொறுப்பு. வரவு செலவு அவர் பொறுப்பு. ஒருநாள் நூல் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கம்பெனி பேரில் வாங்கிய கடன். எனக்குத் தெரியவே தெரியாது! சட்டம் அதைக் கேட்குமா? 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலுக்காக ஒரு கூட்டாளி பட்ட கடனுக்கு மற்றவரும் முழுப்பொறுப்பு. என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

அன்று இரவு, "ஆண்டவரே, அவன் ஏமாத்திட்டானே!" என்று அழுதேன். ஆவியானவர் என் இருதயத்தில் ஒரே கேள்வி கேட்டார்: "நீ ஏன் அவனைச் சேர்த்தாய்?" உண்மையைச் சொல்லுகிறேன். அவர் திறமையைப் பார்த்து நான் சேர்க்கவில்லை. தனியே நிற்கப் பயந்தேன். கணக்குப் பார்க்கச் சோம்பல்பட்டேன்.

யோசபாத் ராஜா அகசியாவோடு கூடிக் கப்பல்கள் செய்தான். அவை தர்ஷீசுக்குப் போகவே இல்லை. உடைந்துபோயின (2 நாளாகமம் 20). அப்படியானால் கூட்டே ஆகாதா? இல்லை, பிரியமானவர்களே! பேதுருவின் வலை கிழிந்தபோது கைகொடுத்தது யார்? மற்றப் படவிலிருந்த கூட்டாளிகள்தானே (லூக்கா 5). பவுலும் ஆக்கில்லாவும் கொரிந்துவில் சேர்ந்து கூடாரம் செய்தார்கள். இருவருக்கும் தொழில் தெரியும், இருவரும் உழைத்தார்கள் (அப்போஸ்தலர் 18).

ஆகவே அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "தம்பி, நாலு மிஷினும் கணக்கும் உங்க கைக்கு அடங்கும்னா தனியாவே ஆரம்பிங்க. உங்ககிட்ட இல்லாத ஒண்ணு அவர்கிட்ட இருந்து, உழைக்கவும் மனசிருந்தா சேர்த்துக்கங்க. பயத்துக்காகச் சேர்க்காதீங்க, பெருமைக்காகத் தனியாவும் நிக்காதீங்க. சேர்ந்தா, யார் எவ்வளவு போட்டது, யாருக்கு எவ்வளவு பங்கு, பிரிஞ்சா எப்படின்னு எழுதிக்கங்க. எழுதலைன்னா லாபமும் நஷ்டமும் சரிபாதின்னுதான் சட்டம் எடுத்துக்கும். பதிவும் பண்ணிடுங்க; பதியாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காரர் மேல வழக்குப் போட முடியாது."

"எழுதினா அவர் மனசு நோகாதா ஐயா?" என்றார்.

"எழுதச் சொன்னதுக்கே நோகிறவர், நஷ்டம் வந்தா நிப்பாரா தம்பி?" என்றேன்.

தேவப்பிள்ளைகளே, எழுதிக்கொள்வது அவிசுவாசமல்ல. அன்று ஒரு தாள் எழுதியிருந்தால், கணக்கை மாதம் ஒருதரம் பார்த்திருந்தால், ஒரு சகோதரனை நான் இழந்திருக்கமாட்டேன். பணம் பிறகு வந்தது, வளையலையும் மீட்டேன். அவரை முழு மனதோடு மன்னித்தேன். ஆனால் இன்றுவரை அவர் என் வாசலுக்கு வரவில்லை. அவருக்காக இன்னும் ஜெபிக்கிறேன்.

தொழில் ஆரம்பிக்கிறவர்களே, முதலில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நான் ஏன் கூட்டாளி தேடுகிறேன்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தபின் எழுந்து பேனாவை எடுங்கள். கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்! அல்லேலூயா!