கேட்டவன் பட்ட கடன்

ஒருவன் ஒரு நன்மையைச் செய்கிறான். அதனால் அவனுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. அப்படியானால் அது அறமா, வியாபாரமா? இது இன்று நேற்று எழுந்த சந்தேகமல்ல. இங்கே கொடுத்தால் மறுமையில் திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனை வள்ளல் என்று சொல்லச் சங்கப் புலவர்களுக்கே மனம் வரவில்லை. அந்தப் பழைய சந்தேகம் இப்போது கையில் நோட்டுப் புத்தகத்துடன் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வரப்புகளில் நடந்துகொண்டிருக்கிறது.

வேளாண்மைப் பட்டப்படிப்பு மாணவர்கள் குழுக் குழுவாகக் கிராமங்களில் தங்கி வேலை செய்யவேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே உள்ள விதி. பெரம்பலூருக்குப் பக்கத்தில், வாலிகண்டபுரத்திலேயே வேளாண்மைக் கல்லூரி ஒன்று இருக்கிறது. மாணவர்கள் ஊர்ப் பொது இடத்தில் வண்ணப் பொடியால் அந்தக் கிராமத்தின் படத்தை வரைகிறார்கள். விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள். மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நிலம் எத்தனை ஏக்கர், கடன் எவ்வளவு, போன போகத்தில் என்ன கண்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மற்றக் கல்லூரி மாணவர்களுக்கு 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது.

இதைப் பார்த்து, "எல்லாம் மார்க்குக்காக!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. வாஸ்தவம்தான், மார்க்கு உண்டு. அதனால் என்ன? காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தாலும் காய்ச்சல் இறங்கத்தான் செய்கிறது. வயலில் கட்டிய இனக்கவர்ச்சிப் பொறி, தன்னைக் கட்டியவனின் உள்நோக்கம் என்ன என்று விசாரித்துவிட்டா பூச்சியைப் பிடிக்கிறது? மனம் பூரணமாகத் தூய்மையான பிறகுதான் கையை நீட்டவேண்டும் என்றால் உலகத்தில் ஒரு கையும் நீளாது. மார்க்கு அறத்தைக் கெடுத்துவிடும் என்ற கட்சியில் நான் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த ஆட்டத்தில் பந்தயம் யாருடையது?

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காலூன்றி, 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டது. அந்த ஆண்டுச் சாகுபடியிலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்துக்குள் புகுந்துவிட்டது. அந்துப்பூச்சி ஓர் இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம். கோடையில் ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து பறவைக்கு இரையாகும் என்று மாணவன் சொல்கிறான். நல்ல யோசனை. ஆனால் உழவுக் கூலி விவசாயியுடையது. யோசனை பலித்தால் இருவருக்கும் லாபம். பலிக்காவிட்டால், ஏன் பலிக்கவில்லை என்று அழகாக எழுதினாலும் மாணவனுக்கு மார்க்கு உண்டு. மானாவாரிக்காரனுக்கு அந்த வருஷமே இல்லை.

இரண்டு பேருடைய காலமும் வேறு. கல்லூரியிலும் பருவம் என்கிறோம், வயலிலும் பருவம் என்கிறோம். கல்லூரிப் பருவம் முடிந்தால் மாணவன் பெட்டியைக் கட்டலாம். தட்டையைக் காட்டிலேயே விட்டுவிட்டு விவசாயி எங்கே போவான்?

அதோடு இது குழு வேலை. பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை என்பது நம் ஊர்ப் பழமொழி. சுமைக்கு அது சரி. பொறுப்புக்குச் சரியா? தலைச்சுமையை வழியில் போட்டுவிட்டுப் போனால் ஊர் பார்க்கும். பல்குச்சியை எவன் எங்கே எறிந்தான் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? "எங்கள் குழு வந்து சொல்லும்" என்ற வாக்குறுதியில் சொன்னவன் யாருமில்லை. விவசாயிக்குக் குழு தெரியாது, முகம்தான் தெரியும்.

அரியலூர்ச் சுண்ணாம்புப் பூமிக்கும் காரைப் பக்கத்து அரித்த மேடுகளுக்கும் நிலவியல் மாணவர்கள் சுத்தியலோடு வருகிறார்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை ஆராய்ந்து விட்டுவிட்டுப் போனால் குற்றமில்லை. கல், "என்னைப் பற்றி என்ன கண்டாய்?" என்று கேட்காது. மனிதன் கேட்பான். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் காத்திருப்பான்.

சின்ன வெங்காயத்துத் தாள் மழைக்காலத்தில் முறுக்கிக்கொண்டு சாயும் நோய்க்குப் பெரம்பலூர்க்காரர்கள் கோழிக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாணவன் அதைத் திருகல் நோய் என்று எழுதிக்கொள்கிறான். அவனுடைய ஏட்டில் ஏறிய அறிவில் பாதி அவர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. வாங்கியது கடன்தானே? மண்ணை எடுத்தவன் அந்த மண்ணில் என்ன கண்டான் என்று திரும்பி வந்து சொல்லாவிட்டால், அதற்கு ஆராய்ச்சி என்று பெயரிட்டாலும் அது வாங்கிய கடனைக் கொடுக்காமல் போவதுதான்.

யாரிடம் வந்து சொல்வது என்பதும் ஒரு கேள்வி. 2017-இல் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து தெளித்தவர்கள் நச்சுக் காற்றைச் சுவாசித்துப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். முகத்தை மூடிக்கொள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே என்பது விஞ்ஞானத்துக்குப் புதிதல்ல; மருந்து டப்பாவிலேயே பொடி எழுத்தில் உண்டு. கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறவர் நிலத்துக்காரர். அந்த நேரத்தில் தெளிப்பான் கூலியாளின் முதுகில் இருக்கிறது. சமுதாயத்துக்குப் பயன் என்று நாம் எழுதும்போது அந்த முதுகு கணக்கில் வருகிறதா?

பெரிய தியாகம் எதையும் நான் இளைஞர்களிடம் கேட்கவில்லை. குழுவில் ஒருவன், "இந்தக் குடும்பத்துக்கு நான் பொறுப்பு" என்று தன் பெயரைச் சொல்லட்டும். கண்டதைக் கண்டபடி, தோற்றதைத் தோற்றபடி, ஊரில் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். கூலியாள் வேலை முடித்துத் திரும்பும் அந்தி வேளையில் வாசிக்கட்டும். பேராசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம்: மார்க்கு போடுங்கள், தாராளமாகப் போடுங்கள்; ஆனால் அறுவடை முடிந்த பிறகு போடுங்கள்.