பிள்ளையை இழந்தவருக்குப் பிள்ளையாதல்

குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு நாள் போர் முடிந்தது. மகாபாரதம் அத்துடன் முடியவில்லை. வெற்றி விழாவைப் பாடுவதற்கு முன், அழுகைக்கென்றே ஒரு பர்வத்தை வியாச பகவான் ஒதுக்குகிறார். அதுவே ஸ்திரீ பர்வம். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த காந்தாரியும், அபிமன்யுவை இழந்த இளம் மனைவி உத்தரையும் போர்க்களத்திற்கு வந்து கதறுகிறார்கள். அவர்களுடைய புலம்பலை முனிவர் சுருக்கவில்லை. ஒரு தாய் அழ வேண்டிய அளவுக்கு அழ இடம் கொடுக்கிறார்.

ஆன்மா அழிவற்றது என்னும் பேருண்மையை நேரில் கேட்டவன் அர்ஜுனன். அவனே பதின்மூன்றாம் நாள் மாலை, பதினாறு வயது மகன் மாண்ட செய்தி கேட்டு நிலைகுலைந்தான். ஸ்ரீகிருஷ்ணர் அவனை இழிவாக எண்ணவில்லை. கைகளால் தாங்கிப் பிடித்து, புறமுதுகிடாத வீரர் அடையும் நற்கதியை அபிமன்யு அடைந்தான் என்று தேற்றினார். கீதை மனிதனைக் கல்லாக்குவதற்கு வந்த நூலன்று. ஆன்மாவின் அழியாமையைத் தன் துயரத்தைத் தாங்குவதற்குத் துணையாகக் கொள்ளலாம்; பிறர் அழுகையை அடக்குவதற்கு அதைக் கருவியாக்குவது தகாது.

பெயரைக் காத்தல்

போரில் மாண்டவர்களுள் உற்றார் உறவினர் அற்றவர் பலர். அவர்களுக்கு யார் தீ மூட்டுவது? தருமபுத்திரர் விதுரரையும் சஞ்சயனையும் தௌமியரையும் அழைத்து, ஒருவர்கூட ஈமக்கடன் இன்றிப் போகலாகாது என்று கட்டளையிட்டார். பகைவர் படையில் நின்றவர்களுக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

இந்த அறத்தைத் தென்னாடு நன்கு அறியும். போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. தமிழகத்தில் நடுகல் எனப்படுவது கர்நாடகத்தில் வீரகல்லு எனப்படும். இன்று பெங்களூரின் பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. லேத் இயந்திரங்களின் ஓசை அங்கே ஓய்வதில்லை. அதற்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ள ஹெப்பாளில், 2018ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில் போரிட்டு மாண்ட கிட்டய்யா என்பவனின் நினைவுக்கல் அது. நகரின் தெற்கே பேகூரில் மற்றொரு கல், கி.பி. 890ஐ ஒட்டியது. நாகத்தரன் என்னும் தலைவனின் இல்லத்தைச் சேர்ந்த புட்டனசெட்டி, ‘பெங்களூர்ப் போரில்’ மாண்டான் என்று அது கூறுகிறது. பெங்களூர் என்ற பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டாக அறியப்படுவது இதுதான். ஒரு மாநகரின் பெயர் ஓர் ஊர்ப்பிள்ளையின் மரணச் செய்தியோடு சேர்ந்தே காலத்தைக் கடந்து வந்திருக்கிறது!

பெரிய நகரம் தன் இழப்பை விரைவில் மறந்துவிடும். சிற்றூரால் அது இயலாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்றொரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வாழ்ந்தவர் மூவாயிரத்துச் சொச்சம் பேர். 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் அவ்வூர் இளைஞர்கள் ஏறத்தாழ இருபது பேர் ஒரே நாளில் மாண்டனர். ஜூலையில் ஒரு காலையில் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதுதான் பெற்றோர் அறிந்தனர். அடுத்த வீட்டுக்கு ஆறுதல் கூறச் சென்றவர் வீட்டிலும் துக்கம் நுழைந்தது. 2001இல் அந்நாட்டின் தேசிய நினைவுச்சின்னம் அவ்வூரிலேயே எழுப்பப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிவரும் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களின் தாய்மார்களுக்கு இத்துயரை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

கல்லுக்குப் பின்

கல் நட்டாயிற்று, மாலையும் சாத்தியாயிற்று. அதன் பின் அந்த வீட்டில் முதியவர் இருவர் எஞ்சுகிறார்கள். மருந்து வாங்கித் தர ஆள் வேண்டும். மழைக்கு முன் கூரையைச் சரிசெய்ய ஆள் வேண்டும். பெயரைக் கல் காக்கும். பெற்றவரைக் கல் காக்காது.

இங்கேதான் தருமபுத்திரர் வழிகாட்டுகிறார். தம்மைக் காட்டுக்கு விரட்டியவர்களின் பெற்றோரான திருதராஷ்டிரரையும் காந்தாரியையும் பதினைந்து ஆண்டுகள் தம் அரண்மனையில் வைத்துப் போற்றினார். பிள்ளைகள் இல்லாத குறை அவர்களுக்குத் தோன்றலாகாது என்று தம்பியரையும் பணித்தார். ஆயினும் பீமன் ஒருநாள் தன் தோள்களைத் தட்டி, ‘இந்தக் கைகளே திருதராஷ்டிரரின் மைந்தரைக் கொன்றவை’ என்னும் பொருள்படப் பெருமை பேசினான். முதியவர் காதில் அது விழுந்தது. அவர்கள் வனம் செல்லத் துணிந்ததற்கு அச்சொல்லும் ஒரு காரணமாயிற்று. பதினைந்து ஆண்டுச் சேவையை ஒரு சொல் புண்படுத்திவிட்டது. மகனை இழந்தவர் வாழும் தெருவில் வெற்றி முழக்கம்கூடத் தணிந்த குரலில் ஒலிப்பதே அறம்.

பீன்யாவின் பட்டறைகளில் உழைக்கும் தமிழ் இளைஞர்கள் பிரிவின் ஒரு துளியை அறிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பு சற்றுத் தாமதித்தாலும் ஊரில் உள்ள தாய் எப்படித் தவிக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இனி ஒருபோதும் அழைப்பு வராத வீட்டின் தாயை அவர்களால் எளிதில் நினைத்துப் பார்க்க இயலும். டிசம்பர் 7ஆம் நாள், 1949 முதல் படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று உண்டியலில் காசு இடுவது நன்று. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அத்தகைய ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, மறைந்தவனின் பெயரைத் தயங்காமல் சொல்லி, அவனைப் பற்றி அந்தத் தாய் பேசுவதைக் கேட்பது அதனினும் நன்று. பின்னர் எழுந்து, அவன் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடிய வேலைகளுள் ஒன்றைச் செய்து முடிப்பதே பலன் கருதாத கர்மயோகம்.

போரில்லா உலகை இறைவன் அருள்வாராக. அதுவரை, பிள்ளையை இழந்த எந்தத் தாயும் பிள்ளையற்றவளாக இராதபடி காக்கும் மனத்தை அவர் அனைவருக்கும் அருள்வாராக.