ஒளிக்கு விலையில்லை, நீருக்கு?

மாடு பூட்டிக் கவலை இறைத்த நாள்களை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறந்துவிடவில்லை. நண்பகலுக்குள் மாடு களைத்துவிடும். மாடு ஓய்ந்தால் கிணறு ஊறத் தொடங்கும். பின்னர் டீசல் எஞ்சின் வந்தது. எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் உழவர் கணக்குப் பார்த்தே அதனை ஓட்டினார். அதன்பின் மின்மோட்டார் வந்தது. தமிழகத்தில் 1984-இல் சிறு உழவர்களுக்கும், சில ஆண்டுகளில் எல்லா உழவர்களுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. அப்போதும் மின்சாரம் வரும் நேரம் ஓர் எல்லையாக நின்றது. இன்றோ வயலோரத்தில் சூரிய ஒளித் தகடுகள் நிற்கின்றன. கதிரவனுக்குக் களைப்பில்லை; அவன் கட்டணச்சீட்டு அனுப்புவதும் இல்லை.

இதன் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நள்ளிரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்காகக் கண்விழித்து, பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடந்தவருக்குப் பகலிலேயே நீர் பாய்ச்சும் வாய்ப்பு பெரும்பேறு அன்றோ? டீசல் செலவில் நொடித்துப்போனவருக்கு இது மீட்சி. ஆனால் இதன் பொருளாதாரம் முந்தையவற்றினின்று வேறானது. செலவு முழுவதும் ஏறக்குறைய முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. நடுவண் அரசு 2019-இல் தொடங்கிய 'குசும்' திட்டத்தின் பொதுவிதிப்படி, தனித்தியங்கும் பம்புசெட்டின் விலையில் 30 விழுக்காட்டை நடுவண் அரசும், குறைந்தது 30 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க, எஞ்சியதை உழவர் கட்ட வேண்டும். அதன்பின் தகடுகள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும். ஒரு மணி நேரம் கூடுதலாக இறைத்தாலும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

இங்கேதான் அறநெறி சார்ந்த வினா எழுகிறது. செலவு இல்லாத இடத்தில் அளவு எது?

சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் வற்றிப்போன தம் கிணற்றைக் காட்டிக் கேட்டார்: "சாமி, பக்கத்துக் காட்டுக்காரரு அவரு எடத்துலதான் தண்ணி எடுக்குறாரு. எங் கெணறு ஏன் வத்துது?" நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்குத் தருகிறது. ஆனால் நிலத்தடி நீர் எல்லைக்கல்லை அறிவதில்லை. தமிழகத்தில் 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது.

கதிரொளியும் நிலத்தடி நீரும் இறைவன் எல்லார்க்கும் ஈந்த கொடைகள். எனினும் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. நாம் எவ்வளவு ஒளியைப் பிடித்தாலும் அயலாருக்கு ஒளி குறைவதில்லை. நாம் மிகுதியாக இறைத்தால் அயலார் கிணறு தாழ்கிறது. குறையாத கொடையைக் கொண்டு குறையும் கொடையை வாரி எடுக்கும் கருவி இது. அதில் நாம் செலுத்தாத விலையை, ஆழக் குழாய்க் கிணறு தோண்ட வசதியற்றவர் செலுத்துகிறார். தகடு வாங்க உதவிய மானியமும் பொதுப்பணமே. அதில் அவர் சோப்புக்குத் தந்த காசும் கலந்திருக்கிறது. இவற்றைச் சேர்க்காத கணக்கை நேர்மையான கணக்கு எனலாமா?

இதற்கு ஒரு வழியைக் குசராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூர் காட்டியது. அங்கு உழவர்கள் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக எஞ்சிய சூரிய மின்சாரத்தை விற்க, 2016-இல் மின் பகிர்மான நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். விலை, யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. வீணாக இறைத்த ஒவ்வொரு மணியும் அவர்களுக்கு இழப்பாயிற்று. இறைக்காமல் விட்ட நீர் வருவாயாயிற்று. மாட்டின் களைப்பு அன்று செய்த பணியை இங்கே மின்சாரத்தின் விலை செய்கிறது.

நல்ல ஏற்பாடுதான், நம் ஊர்களிலும் பரவட்டும். ஆயினும் அது முழு விடையாகாது. மின்சாரத்தின் விலையைவிட நீரால் விளையும் கரும்பின் விலை உயர்ந்துவிட்டால் மோட்டார் மீண்டும் ஓடும். காசு கிடைப்பதால் மட்டும் கை நிறுத்துபவன், காசு நின்றதும் கை நீட்டுவான். நிலத்தடி நீர் அருகிவிட்ட பகுதிகளில் புதிய பம்புசெட்டுகளுக்கு மானியம் மறுக்கும் விதியும் தேவையே. ஆனால் விதி எட்டாத ஆழத்தில் மனச்சான்றுதான் காவல் நிற்க வேண்டும்.

தொடக்கநூலில் ஈசாக்கின் ஆள்கள் தோண்டிய கிணறுகளுக்காக இருமுறை சச்சரவு எழுந்தது. ஈசாக்கு ஒவ்வொரு முறையும் விலகிச் சென்று வேறு கிணறு தோண்டினார். விலகிச் செல்ல அவருக்கு இடம் இருந்தது. நமக்கோ அடுத்தடுத்த வயல்களும் அவற்றுக்கு அடியில் ஒரே நீரும்தான் இருக்கின்றன. ஆகவே நாம் விலகிச் செல்ல இயலாது; ஒருங்கே அமர்ந்து பேசத்தான் வேண்டும். எந்தப் பயிர், எத்தனை மணி நேரம், சொட்டுநீர்க் குழாய் யார் யாருக்கு, கிணறு வற்றியவருக்கு எவ்வளவு நீர் என்று முடிவுசெய்ய வேண்டும். தகடு நிற்கும் ஒவ்வொரு வயலுக்கும் உரியவர், அடுத்த வயலின் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடட்டும். அந்தப் பெண்மணியின் வினாவுக்கு நாம் தரக்கூடிய முதல் விடை அதுவே.